டிரைவில் படம் இருக்கிறது, டிவியில் வரவில்லை: எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

வீட்டு நெட்வொர்க்கில் ஒரு டிரைவை மாட்டி, இருக்கிற வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. சரி என்று டிவி முன்னால் உட்கார்ந்து கேம் கன்சோலை ஆன் செய்தால், அந்த டிரைவே அதன் கண்ணில் படவில்லை. அல்லது படுகிறது, உள்ளே காலி. அல்லது ஃபைல் பெயர் வருகிறது, தொட்டால் திறக்க முடியாது என்கிறது. இருக்கிறதிலேயே எரிச்சலானது கடைசி வகை: படம் நன்றாகத் தொடங்கி, பத்து நிமிடம் கழித்து வட்டம் சுற்ற ஆரம்பிப்பது.

மேலே சொன்ன நான்கும் நான்கு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. ஆனால் நாம் எல்லோரும் செய்வது என்ன? ரவுட்டரை அணைத்துப் போடுவோம், கன்சோலை அணைத்துப் போடுவோம், செட்டிங்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவோம். சில நேரம் சரியாகியும் விடும். எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் எதிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள் என்பேன்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது? கன்சோல் டிரைவைக் கண்டுபிடிக்க வேண்டும், அதிலிருந்து பட்டியலை வாங்க வேண்டும், ஃபைலைத் திறந்து புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் கடைசி வரை தரவு விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். இந்த வரிசை மாறாது. பட்டியல் வந்துவிட்டது என்றால் கண்டுபிடிக்கும் வேலை முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனி திரும்பிப் பார்க்க வேண்டாம்.

லேப்டாப்பில் தெரிவது எதற்கும் சாட்சி இல்லை

புதிதாக இறங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லேப்டாப்பில் நெட்வொர்க் டிரைவைத் திறக்கும்போது நீங்கள் பயன்படுத்துவது ஃபைல் பகிர்வு. விண்டோஸ் உலகில் அதற்கு எஸ்எம்பி என்று பெயர். இதில் டிரைவ் தன்னிடம் இருக்கிற ஃபோல்டரை அப்படியே திறந்து காட்டும், எடுத்துக்கொள்வது உங்கள் பாடு. உள்ளே இருப்பது வீடியோவா, கடிதமா, கணக்கா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கேம் கன்சோல்களில் உள்ளே வரும் வீடியோ பிளேயர்களுக்கு இந்த எஸ்எம்பி பொதுவாகத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது டிஎல்என்ஏ என்கிற வேறொரு ஏற்பாடு. சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய கூட்டமைப்பின் பெயர் அது. டிவி, கன்சோல், ஃபோன், டிரைவ் எதுவாக இருந்தாலும் ஒரே வீட்டுக்குள் படம், பாட்டு, புகைப்படம் பரிமாறிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கூட்டமைப்பு 2017இல் கலைக்கப்பட்டுவிட்டது, ஆனால் அது வகுத்த முறை இன்றும் ஏராளமான கருவிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஎல்என்ஏ முறையில் டிரைவுக்குள் மீடியா சர்வர் என்று ஒரு சின்ன மென்பொருள் ஓட வேண்டும். ஃபோல்டர்களைத் துழாவி, இது வீடியோ, இது பாட்டு, இதன் நீளம் இவ்வளவு, இதன் வகை இது என்று ஒரு பட்டியலைத் தயார் செய்து வைத்திருப்பது அதன் வேலை. கன்சோல் கேட்பது ஃபோல்டரை அல்ல, இந்தப் பட்டியலை. ஆக, பகிர்வு வேறு, மீடியா சர்வர் வேறு. ஒரே டிரைவில் இரண்டும் தனித்தனி சுவிட்சுகளாக இருக்கும். பகிர்வு ஆனில் இருந்து சர்வர் ஆஃபில் இருந்தால் லேப்டாப்பில் எல்லாம் தெரியும், கன்சோலில் ஒன்றும் தெரியாது. டிரைவின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து மீடியா சர்வர், டிஎல்என்ஏ, யுபிஎன்பி என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும் அந்த சுவிட்சை முதலில் பாருங்கள்.

அடுத்தது, உங்கள் கன்சோலுக்கு இந்த முறை தெரியுமா என்பது. பிளேஸ்டேஷன் 3க்கு நன்றாகத் தெரியும், அதன் மெனுவிலேயே மீடியா சர்வர்களைத் தேடும் வசதி உண்டு. பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தபோது இந்த வசதி இல்லை, 2015இல் மீடியா பிளேயர் என்ற தனிச் செயலியாகக் கொடுத்தார்கள், அதை நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் அந்த மாதிரி டிஎல்என்ஏ பிளேயரே உள்ளே கிடையாது, யுஎஸ்பி டிரைவிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதற்குப் பிறகு வந்தவையும் மீடியா பிளேயர் செயலி வழியாக டிஎல்என்ஏ சர்வர்களைப் பார்க்கும், அவற்றில் விஎல்சி, கோடி போன்ற வேறு வீடியோ பிளேயர் செயலிகளையும் போட்டுக்கொள்ளலாம். நின்டெண்டோ ஸ்விட்சில் இதற்கென்று உள்ளே எதுவும் இல்லை. உங்கள் கன்சோலுக்குத் தெரியாது என்றால் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ப்ளெக்ஸ் மாதிரி, சர்வர் ஒரு பக்கமும் செயலி இன்னொரு பக்கமும் சேர்ந்து ஓடும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும்.

டிரைவே தெரியவில்லை

கன்சோல் எப்படி டிரைவைக் கண்டுபிடிக்கிறது? நாம் முகவரி எதுவும் எழுதிக் கொடுப்பதில்லையே. அது வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கிறது: மீடியா சர்வர் யாராவது இருக்கிறீர்களா? இந்தக் குரல் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 என்ற போர்ட் எண்ணில் போகும். சர்வராக இருக்கிற கருவி எல்லாம் அந்த முகவரியில் காது வைத்துக்கொண்டிருக்கும், கேட்டவுடன் 'நான் இருக்கிறேன், என் முகவரி இது' என்று பதில் சொல்லும். யாரும் கேட்காவிட்டாலும் சர்வர் அவ்வப்போது தானாகவே 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். அந்த அறிவிப்புக்கு ஒரு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 1800 நொடி, அதாவது அரை மணி நேரம்.

டிரைவ் தெரியவில்லை என்றால் அநேகமாக இந்தக் குரல் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதற்கு வீடுகளில் அதிகம் பார்க்கும் காரணம், இரண்டு ரவுட்டர். இணைய இணைப்பு கொடுத்தவர்கள் வைத்த பெட்டி ஒன்று, வைஃபை போதவில்லை என்று நாமாக வாங்கி அதில் மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. இரண்டும் ரவுட்டராகவே வேலை செய்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும். டிரைவ் ஒன்றில், கன்சோல் மற்றொன்றில். இரண்டிலும் இணையம் வரும், அதனால் எதுவும் கெட்டுப்போன மாதிரியே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: கன்சோலின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள், டிரைவின் முகவரியையும் பாருங்கள். ஒன்று 192.168.1.20 என்றும் மற்றொன்று 192.168.0.35 என்றும் இருந்தால், அந்த மூன்றாவது எண் மாறியிருப்பதுதான் விஷயம். சாதாரண வீட்டு அமைப்பில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் அது தனி நெட்வொர்க் நடத்துவதை விட்டுவிட்டு முதல் பெட்டியின் கிளையாக மாறும், இரண்டும் ஒரே வீடாகிவிடும்.

இதே மாதிரிதான் கெஸ்ட் வைஃபை. விருந்தாளிகளுக்கான அந்த நெட்வொர்க்கில் கன்சோல் சேர்ந்திருந்தால் வீட்டுக் கருவிகள் எதுவும் அதற்குத் தெரியாது, தெரியக்கூடாது என்றே அது செய்யப்பட்டது. சில ரவுட்டர்களில் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் செட்டிங் ஒன்றும் இருக்கும், ஏபி ஐசோலேஷன் என்று பெயர், அது ஆஃபில் இருக்க வேண்டும். சர்வர் டிரைவில் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலையும், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளையும், சந்தேகப்படுங்கள்.

கொஞ்சம் விசித்திரமான ஒரு வகை இருக்கிறது. சர்வரை ஆன் செய்தவுடன் கன்சோலில் தெரியும், சில நிமிடங்கள் கழித்துக் காணாமல் போய்விடும், திரும்ப ஆன் செய்தால் திரும்பத் தெரியும். ஒருவர் இப்படிச் சொன்னால் நான் முதலில் கேட்பது, நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி, இருக்கிறதா, ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆனில் இருக்கிறதா என்பதுதான். பொதுக் குரலைக் கேபிள் மாட்டிய எல்லாத் துளைக்கும் அனுப்பாமல், கேட்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் அனுப்புவதற்காக அந்த வசதி இருக்கிறது. அதற்கு, யார் யார் கேட்க விரும்புகிறார்கள் என்று அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருக்க ஒரு கருவி வேண்டும். விசாரிக்க ஆள் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் பட்டியல் காலாவதியாகி, குரல் யாருக்கும் போகாமல் நின்றுவிடும். வீட்டில் இந்த வசதியை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.

பழியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை என்றால் ஃபோனில் விஎல்சி போட்டு, கன்சோல் இருக்கும் அதே வைஃபையில் இணைத்து, உள்ளூர் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரே டிரைவ் அங்கே பகிர்வாக ஒரு முறையும் யுபிஎன்பி சர்வராக ஒரு முறையும் வரலாம், நமக்கு வேண்டியது இரண்டாவது. ஃபோனில் சர்வர் தெரிந்து கன்சோலில் தெரியவில்லை என்றால் டிரைவில் கை வைக்க வேண்டாம், கன்சோல் பக்கம் பாருங்கள். ஃபோனிலும் தெரியவில்லை என்றால் சர்வர் அல்லது ரவுட்டர்.

தெரிகிறது, ஆனால் உள்ளே காலி

இது பெரும்பாலும் எளிதாகத் தீரும். சர்வர் தன் பட்டியலை இன்னும் தயார் செய்யவில்லை, அல்லது தயார் செய்த பிறகு நீங்கள் போட்ட ஃபைல் அதற்குத் தெரியவில்லை. புதிதாக நிறைய வீடியோ ஏற்றிய டிரைவ் பட்டியல் போட்டு முடிக்கக் கணிசமான நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். மறுநாளும் வரவில்லை என்றால் செட்டிங்ஸில் ரீஸ்கேன், ரீஇண்டெக்ஸ் என்று இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். எந்த ஃபோல்டரைத் துழாவ வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள், பல டிரைவ்களில் 'வீடியோ' என்று அதுவே உருவாக்கிய ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும், நீங்கள் வேறு பெயரில் போட்ட ஃபோல்டர் அதன் கணக்கில் வராது.

லினக்ஸில் மினிடிஎல்என்ஏ மாதிரி சர்வரை நீங்களே நிறுவியிருந்தால் அனுமதியைப் பாருங்கள். அந்த சர்வர் உங்கள் பெயரில் ஓடாது, அதற்கென்று ஒரு தனிப் பயனர் பெயர் உண்டு, அந்தப் பயனருக்கு உங்கள் ஃபோல்டரைப் படிக்கும் உரிமை இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் திறந்தால் திறக்கும், அது திறந்தால் திறக்காது.

தொட்டால் திறக்க மாட்டேன் என்கிறது

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் நெட்வொர்க்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, ஃபைல்தான் காரணம். இதைப் புரிந்துகொள்ள வீடியோ ஃபைல் என்பது என்னவென்று தெரிய வேண்டும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று ஃபைல் பெயரின் கடைசியில் வருகிறதே, அது பெட்டியின் பெயர் மட்டும்தான். பெட்டிக்குள் படம் தனியாக, ஒலி தனியாக, சப்டைட்டில் தனியாக அடுக்கியிருக்கும். படத்தைச் சுருக்கி வைக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர்: எச்.264, எச்.265, ஏவி1 இப்படி. ஒலிக்கும் அப்படியே: ஏஏசி, ஏசி3, டிடிஎஸ். கன்சோலுக்குப் பெட்டியைத் திறக்கத் தெரிய வேண்டும், உள்ளே இருக்கும் படத்தை விரிக்கத் தெரிய வேண்டும், ஒலியையும் விரிக்கத் தெரிய வேண்டும். மூன்றில் எது தெரியாவிட்டாலும் சிக்கல்தான், ஆனால் வெளியே தெரியும் அறிகுறி வேறு வேறாக இருக்கும். பெட்டியோ படமோ தெரியாவிட்டால் திறக்கவே திறக்காது. ஒலி மட்டும் தெரியாவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா தன் ஃபோனில் எடுத்த பழைய குடும்ப வீடியோக்கள் எல்லாவற்றையும் டிரைவில் போட்டு வைத்திருந்தோம். ஒரு குறிப்பிட்ட வருடம் வரைக்கும் எடுத்தவை கன்சோலில் ஓடின, அதற்குப் பிறகு எடுத்த ஒன்றுகூட ஓடவில்லை. பெயரைப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி, எல்லாமே எம்பி4. டிரைவ் கெட்டுப்போய்விட்டது, கடைசியாக எழுதிய ஃபைல்கள் எல்லாம் போய்விட்டன என்று அப்பா ரொம்பவே கலங்கிப்போனார். நான் ஓடுகிற ஃபைல் ஒன்றையும் ஓடாத ஃபைல் ஒன்றையும் எடுத்து மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அருகருகே திறந்து பார்த்தேன். முதலாவதில் ஏவிசி என்று இருந்தது, எச்.264க்கு அது இன்னொரு பெயர். இரண்டாவதில் ஹெச்இவிசி, அதாவது எச்.265. நடுவில் அப்பா ஃபோனை மாற்றியிருக்கிறார், புதிய ஃபோன் இடத்தை மிச்சப்படுத்த எச்.265இல் பதிவு செய்திருக்கிறது, எங்கள் பழைய கன்சோலுக்கு அது தெரியாது. ஒரு ஃபைலும் போகவில்லை. அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் ஓடுகிற ஃபைல் ஒன்று, ஓடாத ஃபைல் ஒன்று, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

எச்.265 என்பது 2013இல் வந்த முறை. அதே தரத்தை எச்.264 எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியில் அடக்கிவிடும், அதனால்தான் எல்லோரும் அதற்கு மாறுகிறார்கள். பிளேஸ்டேஷன் 3க்கும் பிளேஸ்டேஷன் 4இன் மீடியா பிளேயருக்கும் அது தெரியாது. பிளேஸ்டேஷன் 3க்கு எம்கேவி பெட்டியைத் திறக்கவும் தெரியாது, பிளேஸ்டேஷன் 4க்குத் தெரியும். இன்னொரு பொறி, 10 பிட் எச்.264, அதாவது நிறத்தை 8 பிட்டுக்குப் பதில் 10 பிட்டில் குறித்து வைக்கும் வகை. பெயரில் எச்.264 என்றே இருக்கும், ஆனால் கன்சோல்களில் இருக்கும் டிகோடர்கள் வழக்கமாக 8 பிட்டுக்குச் செய்யப்பட்டவை, அதனால் ஓடாது அல்லது நிறம் சிதறிப்போகும். மீடியாஇன்ஃபோவில் பிட் டெப்த் என்ற வரியைப் பாருங்கள்.

ஃபைல் பெயரின் கடைசியை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று கையால் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்டி மாறவில்லை, மேலே ஒட்டிய சீட்டு மட்டும்தான் மாறியிருக்கிறது, சர்வரும் கன்சோலும் கூடுதலாகக் குழம்பும்.

சரியான வழி இரண்டு உண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் மணிக்கணக்கில் நேரம் மிச்சம். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் கன்சோலுக்குத் தெரிந்தவை, பெட்டி மட்டும் தெரியாதது என்றால், பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். படத்தைத் தொடுவதே இல்லை என்பதால் தரம் ஒரு துளியும் குறையாது, ஒரு முழுப் படத்துக்கு ஒரு சில நிமிடம்தான் ஆகும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். கோடெக்கே தெரியாதது என்றால் படத்தை விரித்துப் புதிதாகச் சுருக்க வேண்டும், அது டிரான்ஸ்கோட். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம், நேரம் எடுக்கும், தரமும் கொஞ்சம் குறையும். ஒலி மட்டும் பிரச்சினை, உதாரணமாக டிடிஎஸ் இருப்பதால் சத்தம் வரவில்லை என்றால், படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஏசி3க்கு மாற்றலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். மாற்றிய பிறகு மூல ஃபைலை உடனே அழித்துவிடாதீர்கள், குடும்ப வீடியோ என்றால் அழிக்கவே வேண்டாம்.

சில சர்வர்கள் இந்த மாற்றத்தைப் படம் ஓடும்போதே செய்து கொடுக்கும். வசதிதான், ஆனால் வீட்டு டிரைவ்களில் இருக்கும் பிராசஸர் பெரும்பாலும் சின்னது. ஃபைல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அது தாராளம், ஓடும்போதே படத்தை விரித்துச் சுருக்கும் வேலைக்குப் போதாது. சப்டைட்டிலைப் போட்டவுடன் படம் திணறுகிறது என்றால் இதுதான் நடக்கிறது: சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் சர்வர் முழுப் படத்தையும் டிரான்ஸ்கோட் செய்யத் தொடங்கிவிட்டது.

ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது

இப்போது கடைசிக் கட்டம். முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம்: உங்கள் இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிரைவிலிருந்து கன்சோலுக்குப் போகும் தரவு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினாலும் இது சரியாகாது.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 8 ஜிபி ஃபைல், 2 மணி நேரப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டில் 8 பிட், ஆக 64 ஜிகாபிட், அதாவது 64,000 மெகாபிட். 2 மணி நேரம் என்பது 7,200 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 9 மெகாபிட். இது சராசரிதான், ஆளில்லாத வானத்தைக் காட்டும் காட்சிக்குக் குறைவாகவும் மழையும் கூட்டமும் சண்டையுமாக இருக்கும் காட்சிக்குப் பல மடங்கு கூடவும் தேவைப்படும். புளூரே தரத்தில் படமும் ஒலியும் சேர்ந்து உச்சத்தில் 48 மெகாபிட் வரை போகலாம், 4கே புளூரேயில் 128 வரைக்கும்கூட.

இப்போது இந்தத் தரவு வரும் குழாயைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3இல் இருக்கும் வைஃபை 802.11ஜி, பெயரளவில் 54 மெகாபிட், கையில் கிடைப்பது நல்ல நாளில் 20 சொச்சம். முதல் வகை பிளேஸ்டேஷன் 4க்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் எல்லாம் சேர்ந்து நெரிக்கும் அலைவரிசை அது. டிரைவும் வைஃபை, கன்சோலும் வைஃபை என்றால் ஒரே தரவு டிரைவிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது, ஒரே அலைவரிசையில் இருந்தால் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். குறைந்தபட்சம் டிரைவையாவது கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். முடிந்தால் கன்சோலையும். நான் பார்த்தவரை இந்தக் கட்டத்துக் கோளாறுகளை ஒரு கேபிள் தீர்த்த அளவுக்கு வேறு எந்த செட்டிங்கும் தீர்த்ததில்லை. நிரந்தரமாக இழுக்க முடியாவிட்டாலும் ஒரு நாள் தரையில் போட்டுச் சோதித்துப் பாருங்கள், கேபிளில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வைஃபைதான் என்று உறுதியாகிவிடும்.

கேபிளிலும் நிற்கிறது என்றால்? எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள், நிற்கும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் படத்தின் அதே இடத்தில், உதாரணத்துக்கு 43வது நிமிடத்தில் நிற்கிறது என்றால் அந்த இடத்தில் ஃபைல் பழுதாக இருக்கலாம், அல்லது அந்தக் காட்சிக்கு வேண்டிய வேகம் குழாய்க்கு மேல். ஒவ்வொரு முறை வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால் ஃபைலை விட்டுவிடுங்கள், நெட்வொர்க்கோ டிரைவோ நடுவில் வேறு வேலையில் மாட்டிக்கொள்கிறது.

அந்த வேறு வேலையை நான் ஒரு முறை கண்ணால் பார்த்தேன். வாரக்கணக்கில் இரவில் மட்டும் படம் திணறிக்கொண்டிருந்தது, பகலில் அதே படம் தண்ணீராக ஓடியது. வைஃபை சேனலை மாற்றினேன், ரவுட்டரை இடம் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் படம் நின்றபோது எழுந்து போய் டிரைவைப் பார்த்தேன். அதன் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு உண்டு, படம் ஓடும்போது சில நொடிக்கு ஒரு முறை லேசாக மினுக்கும். அன்று அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடும் சத்தமும் கேட்டது. நேரத்தைப் பார்த்தால் ஒன்பதரை. வீட்டில் இருந்த ஃபோன்கள் எல்லாம் தினமும் ஒன்பதரைக்கு அந்த டிரைவுக்குப் புகைப்படங்களை பேக்கப் எடுக்கும்படி வைத்தது நானேதான், எப்போதோ வைத்து மறந்திருக்கிறேன். ஒரே டிஸ்க் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு இன்னொரு பக்கம் படித்துக்கொடுக்கத் தலையை இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருந்தது. பேக்கப்பை விடியற்காலை மூன்று மணிக்கு மாற்றினேன், அன்றிலிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

டிரைவ் தூங்குவதும் ஒரு காரணம். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் ஹார்ட் டிஸ்க் சுழல்வதை நிறுத்திக்கொள்ளும். நீங்கள் ஃபைலைத் தொட்டதும் அது எழுந்து வேகம் பிடிக்கப் பத்து நொடி வரை எடுக்கலாம், அதற்குள் கன்சோல் பொறுமையிழந்து பிழை காட்டிவிடும். முதல் முறை திறக்கவில்லை, உடனே இன்னொரு முறை தொட்டால் திறக்கிறது என்றால் இதுதான். தூங்கும் நேரத்தை டிரைவின் செட்டிங்ஸில் கூட்டி வையுங்கள். ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் மாட்டிய சாதாரண டிரைவ் என்றால், ரவுட்டரின் சின்ன பிராசஸரே ஃபைல் படிக்கும் வேலையையும் செய்கிறது, பெரிய ஃபைல்களுக்கு அது மூச்சு வாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கேபிளும் சில நேரம் ஏமாற்றும்: உள்ளே இருக்கும் எட்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தால்கூட 1000 மெகாபிட் இணைப்பு 100க்கு இறங்கி, எதுவும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். சாதாரணப் படங்களுக்கு 100 போதும், 4கே புளூரேக்குப் போதாது.

எல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றால் அந்த ஃபைலை ஒரு யுஎஸ்பி டிரைவில் போட்டுக் கன்சோலில் நேராகச் செருகிப் பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் கோளாறு ஃபைலில், ஓடினால் அது வரும் வழியில். பிளேஸ்டேஷன் 3க்கு அந்த யுஎஸ்பி ஃபேட்32 அமைப்பில் இருக்க வேண்டும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. பிளேஸ்டேஷன் 4 எக்ஸ்ஃபேட்டையும் படிக்கும்.

அப்புறம், சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. டிஎல்என்ஏவில் பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது, வழக்கமாக உங்கள் வைஃபையில் இருக்கும் யாராலும் சர்வர் காட்டும் அத்தனையையும் பார்க்க முடியும். கோளாறு தேடும் அவசரத்தில் டிரைவ் முழுவதையும் சர்வருக்குத் திறந்துவிட்டிருப்பீர்கள். போய் அதைத் திரும்ப வீடியோ ஃபோல்டருக்கு மட்டும் சுருக்கிவிடுங்கள், ரவுட்டரில் ஏதாவது போர்ட்டை வெளியே திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள், வீட்டுக்குள் படம் பார்க்க அது தேவையே இல்லை.